புலி தின்ற புல்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று எனக்கு முதலில் சொன்னவர் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். மதியச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு மானம் மரியாதை பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்தப் புலி தவறாமல் வந்துவிடும். பல வருஷம் கழித்து, தமிழ் எம்.ஏ. முடித்து வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கோடையில், மசினகுடிப் பக்கம் ஆய்வு செய்துகொண்டிருந்த நண்பனோடு பதினைந்து நாள் தங்க நேர்ந்தது. காட்டுப் பாதைகளில் புலி, சிறுத்தை, செந்நாய் போட்டுவிட்டுப் போன எச்சத்தைப் பொறுக்குவது அவன் வேலை. வெயிலில் காயவைத்து, சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசி, மிஞ்சுகிற மயிரையும் குளம்பையும் எலும்புத் துண்டையும் செய்தித்தாளில் பரப்பிவைப்பான். ஒருநாள் அப்படிப் பரப்பியதில் நாலைந்து புல் தாள், செரிக்காமல், முழுசாக. 'இது என்னடா?' என்றேன். 'புல்லு.' 'புலியோடதா?' 'ஆமா. அப்பப்ப வரும்.'

அவனுக்கு அது ஒரு தகவல். எனக்கோ வாத்தியார் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பூனைக் குடும்பத்தில் எதுதான் புல் தின்னவில்லை? வீட்டுப் பூனையே தின்கிறது. ஆனால் புலி தின்னக் கூடாது. அதன் உணவு பற்றி நமக்கு ஒரு கொள்கை இருக்கிறது, அந்தக் கொள்கை புலியைக் கேட்டு வகுத்தது கிடையாது.

இந்தக் கட்டுரை அந்தக் கொள்கைகளின் வரலாறு பற்றியது. குறிப்பாக ஒரு சொல்லைப் பற்றியது: சகவாழ்வு. ஒரே காட்டில், ஒரே இரையை நம்பி, நெருங்கிய உறவுள்ள ஊனுண்ணிகள் எப்படி ஒன்றையொன்று ஒழித்துவிடாமல் சேர்ந்து வாழ்கின்றன என்ற விலங்கியல் கேள்விக்குக் கிடைத்த பதில், எப்படி மெல்ல நகர்ந்து மனிதர்களைப் பற்றிய பதிலாகவும் ஆக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

★

புலிக்கும் சிறுத்தைக்கும் உள்ள உறவைத் தமிழில் சொல்ல நல்ல சொல் ஒன்று உண்டு. பங்காளி. இரண்டும் 'பாந்திரா' என்ற ஒரே பேரினம். (மரபணு ஆய்வுப்படி புலிக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் பனிச்சிறுத்தை, சிறுத்தை சிங்கத்தின் பக்கம் போய்விடுகிறது. பங்காளி வகையறாவில் இதெல்லாம் சகஜம்.) பங்கு பிரிக்க வேண்டியவன் என்பதாலேயே அவன் பங்காளி. செந்நாய் நாய்க் குடும்பம், சொந்தம் எதுவும் கிடையாது. ஒரே ஊரில் இருக்கும் வேற்று ஆள்.

நம் இலக்கணத்துக்கு இந்த உறவுமுறையில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் குருளை என்ற ஒரே பெயரைத் தருகிறது, நரியையும் பிறகு சேர்த்துக்கொள்கிறது. தின்பதும் தின்னப்படுவதும் ஒரே பெட்டியில். விலங்கியல் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பெட்டி பிடித்திருக்கிறது. யார் யாரைத் தின்கிறார்கள் என்பதை வைத்துத்தான் உலகத்தை வகைப்படுத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

ஆனால் திணைக்கு வரும்போது கதை மாறுகிறது. கருப்பொருள் பட்டியலில் உரைகாரர்கள் புலியைக் குறிஞ்சியில் வைக்கிறார்கள். பாலையில் செந்நாயை வைக்கிறார்கள். அங்கே யானையும் புலியும் வரவேண்டுமானால் வலியிழந்த யானையாக, வலியிழந்த புலியாக வரவேண்டும். உண்மையில் மூன்றும் ஒரே மலைச்சரிவில் ஒரே வாரத்தில் நடக்கக்கூடியவை. கவிதையியல் அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம் ஒதுக்கிவிட்டது. வலு உள்ள புலிக்கு வளமான மலை, செந்நாய்க்கு வறண்ட வழி. குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் பாலை வழியே போகிற தலைவன், செந்நாய் தோண்டிக் குடித்துவிட்டுப்போன அழுகல் தண்ணீரைத் தன் காதலியும் தன்னோடு வந்து குடித்தால் என்ன என்று நினைக்கிறான். செந்நாயின் மிச்சத்தைக் குடிப்பதுதான் அந்த நிலத்தின் கொடுமைக்கு அளவுகோல்.

புலியின் மிச்சத்துக்கு இந்த இழிவு கிடையாது. புறநானூற்று 190ஆம் பாட்டில் புலி அடித்த பன்றி இடப்பக்கம் விழுந்துவிட, புலி அதைத் தொடாமல் பட்டினி கிடந்து, மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தி உண்கிறது. எலி மாதிரிச் சேர்த்துவைப்பவரோடு உறவு வேண்டாம், இப்படிப்பட்ட புலி மாதிரி ஆட்களோடு உறவு வேண்டும் என்பது பாட்டு. பாடியவன் சோழன் நல்லுருத்திரன். எலிக்கும் புலிக்கும் நடுவில் யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நிஜப் புலி என்ன செய்கிறதென்றால், சிறுத்தை அடித்ததைப் பிடுங்கித் தின்கிறது, செந்நாய்க் கூட்டத்தை விரட்டிவிட்டு அவை கொன்றதைத் தின்கிறது, தானாகச் செத்து நாறிக்கிடப்பதையும் தின்கிறது. அரசனின் புலிக்கு இது எதுவும் தெரியாது. மேலான உயிர் மேலான உணவை மேலான முறையில் உண்ணும் என்ற சொல்லாடல் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது, அதற்குப் புலி ஒரு சாக்கு.

வெள்ளைக்காரன் வந்தபோது அந்தச் சாக்கு கைமாறியது. வேட்டை நூல்களில் புலி கனவான் எதிரி. சிறுத்தை கள்ளன், மரத்தில் ஒளிபவன், நாய் தூக்குபவன். செந்நாய் மனிதகுலத்துக்கே விரோதி. ஏன்? அது குரல்வளையைப் பிடித்து மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. ஓடும்போதே வயிற்றைக் கிழித்து, உயிரோடு இருக்கும்போதே தின்ன ஆரம்பிக்கிறது. புலியின் கழுத்துப்பிடியிலும் மான் சாகச் சில நிமிஷம் ஆகிறது என்பது கணக்கில் வரவில்லை. கொலையில் நாகரிகம் பார்க்கப்பட்டது. கிப்ளிங் 1895இல் வெளியிட்ட இரண்டாம் காட்டுப் புத்தகத்தில் செந்நாய்கள் தக்காணத்திலிருந்து கூட்டமாகப் படையெடுத்து வந்து எல்லாவற்றையும் அழிக்கும் சிவப்புக் கும்பல். 1857 முடிந்து நாற்பது வருஷம்கூட ஆகாத காலத்தில் ஒரு ஆங்கிலேயர் எழுதிய கதையில் 'தெற்கேயிருந்து வரும் கும்பல்' யாரைப் பற்றிய பயம் என்று யோசிக்க இடமிருக்கிறது. நான் அந்த வழியில் இப்போது போகவில்லை.

சன்மானம்தான் நடந்த காரியம். தோலையோ தலையையோ கொண்டுபோய்க் கொடுத்தால் காசு. வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் அரசு ஆவணங்களிலிருந்து திரட்டிய கணக்கின்படி 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது வருஷத்தில் 80,000க்கு மேல் புலிகளும் 1,50,000க்கு மேல் சிறுத்தைகளும் 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன. செந்நாயும் சன்மானப் பட்டியலில் இருந்தது. மானைத் தின்றுவிடுகிறது என்பது அதன் மீதான குற்றச்சாட்டு. அதாவது வேட்டைக்காரத் துரையின் மானை. ஒரு வேட்டையாடி இன்னொரு வேட்டையாடியின் பேரில் போட்ட வழக்கு அது, நீதிபதியும் துரையேதான். 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் செந்நாய்க்குச் சட்டப்படி உயிர் கிடைத்தது.

★

துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்கள் எழுதிய வரலாற்றை மாற்றியது மலம். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வேட்டைக்காரன் பார்த்தது ஒரு நிமிஷக் காட்சியை; எச்சம் பொறுக்குகிறவன் பார்ப்பது நூற்றுக்கணக்கான சாப்பாட்டை. ஜார்ஜ் ஷாலர் 1963 முதல் கன்ஹாவில் தங்கி இதைச் செய்தார், 1967இல் நூலாக வந்தது. நம்மவர் ஒருவர், நாங்குநேரியில் பிறந்து சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தே போய் அவற்றைப் பற்றி எழுதினார். நாலு தலைமுறை சுட்டுத் தள்ளிய விலங்கை ஒருவர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு பின்தொடர்ந்தது என்னைப் பொறுத்தவரை சிறிய நிகழ்ச்சி இல்லை. 2024இல் ஜான்சிங் காலமானபோது நம் இலக்கியப் பத்திரிகைகளில் எத்தனை அதைக் கண்டுகொண்டன என்று கேட்கத் தோன்றுகிறது.

எச்சம் என்ற சொல்லையும் ஒரு நிமிஷம் கவனிக்கலாம். மிஞ்சியது, பின்னால் நிற்பது, முடிவுபெறாதது. பெயரெச்சம் தனக்குப் பின்னால் ஒரு பெயரைக் கேட்டு நிற்கிறது. காட்டுப் பாதையில் கிடக்கும் எச்சமும் அப்படித்தான், யாரோ வந்து முடித்துவைக்க வேண்டிய வாக்கியம். முடித்துவைப்பது லேசான வேலை கிடையாது. நண்பன் ஒவ்வொரு எச்சத்திலிருந்தும் இருபது மயிர் எடுப்பான். கண்ணாடித் தகட்டில் அதன் மேல்தோல் அச்சை எடுத்து, உள்ளே தண்டின் அமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து, இது கடமான், இது புள்ளிமான், இது காட்டெருமை, இது மந்தி என்று பிரிப்பான். பெரிய விலங்குக்கு உடம்பளவுக்கு மயிர் குறைவு, சின்ன விலங்குக்கு அதிகம். ஆகவே மயிரை எண்ணினால் முயல் நிறையத் தின்ற மாதிரியும் காட்டெருமை தின்னாத மாதிரியும் தெரியும். அதைச் சரிக்கட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. அது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பூமா என்ற விலங்குக்குத் தீனி போட்டு, எத்தனை கிலோவுக்கு எத்தனை எச்சம் என்று கணக்கிட்டு 1984இல் வெளியானது. மசினகுடிப் புலியின் வயிற்றை யூட்டா பூமாவின் வயிற்றை வைத்து வாசிக்கிறோம். வேறு வழியில்லை என்றான் நண்பன். விஞ்ஞானம் வேறு வழியில்லாமல் செய்கிற காரியங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது, அந்த மட்டில் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. நம் விமர்சனத்தில் இந்தப் பழக்கம் இல்லை.

இந்த வகை ஆய்வில் பெரியது நாகரஹொளேயில் 1986 முதல் 1990 வரை உல்லாஸ் கரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் செய்து 1995இல் வெளியிட்டது. நாகரஹொளே கர்நாடகத்தில் இருந்தாலும் பந்திப்பூர், முதுமலை, வயநாடு எல்லாம் சேர்ந்த ஒரே காடுதான். மூன்று விலங்குக்கும் தலா நானூறுக்கு மேல், மொத்தம் 1,400 சொச்சம் எச்சம். அடித்துப் போட்ட இரைகளின் உடல்கள் தனி. முடிவு இது: புலி கொன்ற முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோ, சிறுத்தைக்கு 37.6, செந்நாய்க்கு 43.4. புலி 176 கிலோவுக்கு மேற்பட்டவற்றை, அதிலும் காட்டெருமையை, தேடித் தின்றது. மற்ற இரண்டும் நடுத்தர எடையில் நின்றன. 2000இல் வந்த அடுத்த கட்டுரையில் கழுத்தில் ரேடியோ பட்டி மாட்டிப் பார்த்த விவரம் இருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில்தான் புழங்கின. செந்நாய் பகலில் வேட்டையாடியது, புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் இரவில். அடர்ந்த புதரும் ஏறுவதற்கு மரமும் எல்லா அளவிலும் போதுமான இரையும் இருந்ததால்தான் இப்படி ஒன்றாக இருக்க முடிந்தது என்று அவர்கள் கருதினார்கள்.

போதுமான இரை இருந்ததால்: இந்த நிபந்தனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

★

'ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்' என்ற கருத்து காட்டில் பிறந்தது இல்லை. சோதனைக் குழாயில் பிறந்தது. மாஸ்கோவில் ஜார்ஜி காஸ் இரண்டு வகை பாரமீசியத்தை ஒரே குழாயில் ஒரே தீனி போட்டு வளர்த்தார். ஒன்று வாழ்ந்தது, மற்றது அழிந்தது. 1934இல் புத்தகம் வந்தது. அடுத்து வேறொரு வகையைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று மேலே மிதக்கும் பாக்டீரியாவையும் மற்றது அடியில் படிந்த ஈஸ்டையும் தின்று இரண்டும் பிழைத்தன. சண்டை, இல்லாவிட்டால் பாகப்பிரிவினை. 1959இல் ஹட்சின்சன், சிசிலியில் பலெர்மோ அருகே ஒரு குளத்தில் இருந்த இரண்டு நீர்ப்பூச்சிகளை வைத்து, உலகத்தில் ஏன் இத்தனை வகை உயிர்கள் என்று கேட்டார். நெருங்கிய உறவுள்ள இரண்டு வகை சேர்ந்து வாழ அவற்றின் வாய் அல்லது அலகு 1.3 மடங்கு வித்தியாசப்பட வேண்டும் என்ற மாதிரி ஒரு எண் அந்தக் கட்டுரையிலிருந்து கிளம்பி, கொஞ்ச காலம் எல்லா உயிரிடத்திலும் 1.3 தென்பட்டது. 1970களின் இறுதியில் டானியல் சிம்பர்லாஃப் போன்றவர்கள், விலங்குகளைக் குலுக்கிப் போட்டாலும் இதே எண் வருமே என்று காட்டிய பிறகு ஆர்வம் தணிந்தது. நடுவில் 1960இல் காரெட் ஹார்டின் இந்தக் கருத்துக்குப் 'போட்டி விலக்க விதி' என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதிப் பிரபலமாக்கினார். அதே ஹார்டின்தான் 1968இல் பொதுநிலம் இருந்தால் எல்லாரும் மேய்த்து அழித்துவிடுவார்கள் என்று எழுதியவர், 1974இல் ஏழை நாடுகளுக்கு உணவு உதவி செய்யக் கூடாது என்று வாதாடியவர். பாரமீசியம் வெகுதூரம் வந்துவிட்டது.

நம் ஊருக்கும் வந்தது. 1983இல் மாதவ் காட்கிலும் கே.சி. மல்கோத்ராவும், சாதி அமைப்பை உயிர்ச்சூழல் நோக்கில் பார்த்து அதற்கு ஒரு தகவமைப்புப் பயன் இருந்தது என்று எழுதினார்கள். ஒவ்வொரு சாதியும் ஒரு குறிப்பிட்ட வளத்தை மட்டும் நம்பியிருந்ததால் போட்டி குறைந்தது, அந்த வளம் தன் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பதால் அளவோடு பயன்படுத்தினார்கள், வளம் காப்பாற்றப்பட்டது என்பது வாதம். மகாராஷ்டிரத்தின் நாடோடி வேட்டைச் சமூகங்கள் மூன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாஸேபார்திகள் கண்ணி வைத்து வெளிமானும் பறவையும் பிடிப்பார்கள். வைதுக்கள் பொறி வைத்துக் கீரி, மரநாய் போன்ற சிறு ஊனுண்ணிகளைப் பிடிப்பார்கள். நந்திவாலாக்கள் நாய்களோடு போய்ப் பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு பிடிப்பார்கள். ராமச்சந்திர குஹாவோடு சேர்ந்து காட்கில் 1992இல் எழுதிய இந்தியச் சூழலியல் வரலாற்று நூலிலும் இது விரிவாக வருகிறது.

நாகரஹொளேயின் 91.5, 37.6, 43.4 என்ற எண்களையும் இந்த மூன்று சமூகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வரைபடம். புலிக்குக் காட்டெருமை, பாஸேபார்திக்கு வெளிமான்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: காட்கிலும் குஹாவும் சாதியை நியாயப்படுத்த உட்கார்ந்தவர்கள் அல்ல, அதன் ஏற்றத்தாழ்வை அவர்கள் மறைக்கவும் இல்லை. காலனிய அரசு காட்டைப் பிடுங்கிக்கொண்டதை விரிவாகப் பேசிய முன்னோடிகள் அவர்கள். சிக்கல் அவர்களுடைய எண்ணத்தில் இல்லை, கையிலெடுத்த கருவியில் இருக்கிறது. பங்கீட்டைக் காட்டும் வரைபடத்துக்குப் பங்கிட்டது யார் என்று காட்டத் தெரியாது. பாஸேபார்திகள் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். 1871இல் வந்த அந்தச் சட்டம் நாடு முழுக்க நீங்க 1952 ஆயிற்று. 1972 சட்டம் அவர்கள் பிடித்த வெளிமானை அவர்களுக்கு மறுத்தது. 'உயிர்ச்சூழல் இடம்' என்ற பெட்டியில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரி கிடையாது. சாதி வெறும் தொழில் பங்கீடு என்கிற வாதத்தை அம்பேத்கர் 1936லேயே பிரித்துப் போட்டுவிட்டார்: அங்கே பிரிக்கப்பட்டவர்கள் மனிதர்கள், பக்கம்பக்கமாக இல்லை, ஒருவர் தலைமேல் ஒருவராக. சூழலியல் அந்தப் பழைய வாதத்தை அரை நூற்றாண்டு கழித்துப் பச்சைச் சட்டை போட்டு அழைத்து வந்தது.

என் பாட்டி சூழலியல் படிக்காதவள். ஆனால் அவளிடம் இந்தக் கோட்பாடு முழுசாக இருந்தது. எங்கள் ஊரில் ஊர்க்கிணறு வேறு, சேரிக்கிணறு வேறு. இடம். சேரி ஆட்கள் எங்கள் தெரு வழியாகப் போவதானால் அதற்கென்று பொழுது உண்டு. நேரம். செத்த மாட்டைத் தின்பவர் யார், பாலைக் குடிப்பவர் யார் என்பதும் எழுதாமலே எழுதியிருந்தது. உணவு. ஊனுண்ணிகளின் சகவாழ்வைப் பற்றிய எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் இந்த மூன்று தலைப்புதான்: இடம், நேரம், உணவு. ஊரில் முதன்முதலாகச் சேரிப் பையன்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அடிதடியானபோது பாட்டி சொன்னாள்: 'அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருந்தவரைக்கும் ஊரு நல்லாத்தானே இருந்துச்சு.' நான் அப்போது ஏழாவது படித்தேன். ஊர்ப் பக்கத்துப் பையன். எனக்கும் ஊர் நல்லாத்தான் இருந்தது.

★

சாதியைக் காட்டுக்குள் தேடக் கூடாது என்று சொல்லி இங்கேயே நிறுத்தினால், காட்டைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்ததாகிவிடும். காடு அவள் பக்கம் இல்லை என்பது என் கட்சி.

ஜான் ஸீடென்ஸ்டிக்கர் 1976இல் நேபாளத்தின் சித்வானிலிருந்து எழுதியதைப் பார்க்கலாம். அங்கே சிறுத்தை சின்ன இரையைத் தின்றது, புலியின் வழியையும் பொழுதையும் விட்டு விலகி நடந்தது. பிரிவினை இருந்தது, கூடவே புலியின் ஆதிக்கமும் இருந்தது. சிறுத்தை தனக்கு எது பிடிக்கும் என்று தேர்ந்தெடுத்து அந்தப் பொழுதுக்குப் போகவில்லை. புலி சிறுத்தையைக் கொல்லும். பல காடுகளில் பதிவாகியிருக்கிறது. செந்நாய்க் கூட்டம் சிறுத்தையை மரத்தில் ஏற்றிவிடும். நாகரஹொளேயில் மரங்கள் அடர்ந்திருப்பது சகவாழ்வுக்கு ஒரு காரணம் என்று படிக்கும்போது, மரம் எதற்கு என்றும் யோசிக்க வேண்டும். ஓடி ஏற. எச்சத்தைக் கழுவிப் பார்த்தால் கிடைப்பது தின்றதன் மயிர் மட்டுமே. பயந்து தின்னாமல் விட்டது எச்சத்தில் வராது.

இதைவிடத் தெளிவான சான்று வடக்கே ராஜாஜி தேசியப் பூங்காவில், கங்கைக்குக் கிழக்கே உள்ள சில்லா சரகத்தில் கிடைத்தது. எருமை மேய்த்து அங்கே வாழ்ந்த வன குஜ்ஜர்கள் 2000களின் தொடக்கத்தில் வேறிடத்துக்குக் குடியமர்த்தப்பட்டார்கள். புலி திரும்பி வந்து பெருகியது. அபிஷேக் ஹரிஹர், பிவாஷ் பாண்டவ், எஸ்.பி. கோயல் மூவரும் 2004க்கும் 2008க்கும் இடையில் பார்த்து 2011இல் எழுதினார்கள். 100 சதுர கிலோமீட்டருக்குப் பத்துக்குப் பக்கமாக இருந்த சிறுத்தை இரண்டாகக் குறைந்தது. மிஞ்சிய சிறுத்தைகளின் எச்சத்தில் ஆடுமாடு 7 சதவீதம் போல இருந்தது 32 சதவீதமாக ஏறியது, சின்ன உயிர்களும் அதேபோல ஏறின. மான் தின்ற விலங்கு காட்டின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு ஊர் ஆட்டையும் எலியையும் தின்ன ஆரம்பித்தது.

எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் 'சிறுத்தையின் இயல்பான உணவு' நாலே வருஷத்தில் மாறிவிட்டது. அந்த விலங்கின் குணமோ பல்லோ மாறவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மாறியது. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்து கணக்கெடுத்தவர் சிறுத்தை புள்ளிமான் உண்ணும் விலங்கு என்று எழுதியிருப்பார், பின்னால் வந்தவர் ஆடு திருடி என்று எழுதுவார். இரண்டும் அளவிட்ட உண்மை. வேட்டைக்காரத் துரை சிறுத்தையைக் கள்ளன் என்றானே, அவன் பார்த்தது எங்கே நின்ற சிறுத்தையை? காட்டின் நடுவிலா, ஊர் ஓரத்திலா?

ஆய்வாளர்கள் இதை எழுதியபோது, புலி மீட்பு நடக்கும் இடங்களில் சிறுத்தையால் ஊருக்கு வரும் தொல்லையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்றார்கள். சரியான பேச்சு. எனக்குப் படுவது வேறு: முதலில் குஜ்ஜர்கள் வெளியே போனார்கள், பின்னால் சிறுத்தை வெளியே வந்தது, இரண்டும் வந்து சேர்ந்த இடம் காட்டின் விளிம்பு. பாதுகாப்புச் சொல்லாடலில் முதலாவதன் பெயர் மறுகுடியமர்வு, இரண்டாவதன் பெயர் மனித-விலங்கு மோதல். ஒரே கதையாடலின் இரண்டு அத்தியாயம் என்று அவற்றைப் படிக்க நமக்குப் பழக்கமில்லை. நாகரஹொளேயிலும் 1970களிலிருந்து ஜேனு குறுபர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் காட்டுக்குள்ளேயே ஒரு பெரிய ஹோட்டல் கட்டப்பட்டதும், 1996இல் பழங்குடிகள் எதிர்த்துப் போராடியதும், 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதைத் தடுத்ததும் நடந்தன. மனிதர் கால்படாத காட்டில் எந்த மனிதருக்கு இடம் உண்டு என்ற பங்கீடும் இருந்தது. மனிதர் போனதால் புலி பிழைத்ததா என்றால், ஆம், பல இடங்களில் பிழைத்தது. அதை மறுத்துப் பேசுகிற தோழர்களோடு நான் இல்லை. புலி பிழைத்த கணக்கு இருக்கிறது. போனவர்கள் அதற்கப்புறம் என்ன சாப்பிட்டார்கள் என்ற கணக்கை யாரும் சல்லடையில் அலசிப் பார்க்கவில்லை.

★

மசினகுடியில் நண்பனோடு எச்சம் பொறுக்க வந்தவர் ஒரு இருளர் பெரியவர். மாமா என்றுதான் கூப்பிடுவோம். கண் எப்போதும் தரையில். நாங்கள் தாண்டிப் போனதைக்கூட அவர் குச்சியால் தொட்டுக் காட்டுவார். ஒரு காலையில் பாதை ஓரத்து உண்ணிச்செடி மறைவில் ஒன்று கிடந்தது. நண்பன் குனிந்து ஸ்கேல் வைத்து அளந்தான். பருமன் புலிக்கும் சிறுத்தைக்கும் நடுவில். உறையில் தேதியும் இடமும் எழுதிவிட்டுப் 'புலி' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

மாமா எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நண்பனின் தயக்கம் தெரிந்தது.

'பெரியவன் இப்படி ஓரத்துல ஒதுங்க மாட்டான் தம்பி. நடுத் தடத்துலயே போட்டுட்டுப் போவான், யாரு கேக்குறது. இது சின்னவன். ராத்திரி பெரியவன் இந்தப் பக்கம் வந்திருக்கான், அங்க பாரு தடம். அதான் இவன் செடிக்குள்ள பூந்துட்டான்.'

நண்பன் போய்த் தடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். 'புலி'யை அடித்துச் 'சிறுத்தை' என்று எழுதினான். கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டான். உறையில் 'சேகரித்தவர்' என்று ஒரு வரி இருந்தது, அதில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டான். பிறகு ஏதோ தோன்றி மாமாவைப் பார்த்து, 'மாமா, உங்க பேரு என்ன எழுதணும்?' என்றான். இரண்டு மாசமாகக் கூட நடக்கிறவர். எனக்கும் அப்போதுதான் உறைத்தது, பத்து நாளாக நானும் கேட்கவில்லை.

மாமா சொன்னார். நண்பன் எழுதிக்கொண்டான். மாமா அதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டிருந்தார்.